கை நுழையும் அளவு ஜன்னல்

குவைத்தில் குளிரா என்று ஊரில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பாலைவனம் என்றால் வருடம் முழுக்கக் கொதிக்கும் என்று நினைப்பவர்களை டிசம்பர் கடைசியில் ஃபஹாஹீல் மீன்பிடித் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வடக்கிலிருந்து வரும் காற்று சட்டையைக் கேட்காது, ஸ்வெட்டரைக் கேட்காது, நேரே எலும்புக்குத்தான் போகும். அந்தக் காற்றில், லாஞ்சு என்கிற மீன்பிடி விசைப்படகின் கேபினில், குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து ஸ்வெட்டர் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்த ஒரு மனிதர் படுத்திருந்தார். அவர் என் கணவர்.

நான் ஃபர்வானியாவில் நர்ஸ்களுக்கான ஹாஸ்டலில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவர் மீனவர் விசாவில் வந்தார். வந்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. ஹாஸ்டலுக்குள் ஆண்கள் வரக்கூடாது. மீனவர் விசாவில் வந்தவருக்கு லாஞ்சுதான் வீடு. தனியாக ரூம் எடுத்தால் ஹாஸ்டலை விட வேண்டும், ஹாஸ்டலை விட்டால் டூட்டிக்கு ஆஸ்பத்திரி வண்டி வராது. ஆக, தாலி கட்டிய புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தேசத்தில் இருந்துகொண்டு, அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் காதலர்கள் மாதிரி சந்தித்தோம். காற்று பலமாகி லாஞ்சுகள் கடலுக்குப் போகாத வெள்ளிக்கிழமைகளில் நான் துறைமுகத்துக்குப் போவேன். வாசலில் இருந்த எகிப்துக் காவலாளி என் அடையாள அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யல்லா, யல்லா" என்று கையை வீசுவார்.

அதே லாஞ்சில் வேலை பார்த்த என் அண்ணன், நான் வருவது தெரிந்தால் மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து லாஞ்சுக்குச் சீட்டு விளையாடப் போய்விடுவான். எங்கள் குடும்ப வாழ்க்கை முழுக்க அந்தக் கேபினுக்குள்தான் நடந்தது. நான்கு பேர் ஒட்டிப் படுக்கலாம், நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஒரு கதவு, ஒரு நகர்த்தும் ஜன்னல், மாதா படத்துக்கு ஒரு சின்னப் பலகை. டீசலும் மீனும் கலந்த வாடை. எனக்கு அது பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், பிடித்துவிட்டது என்றே சொல்வேன்.

முதல் குளிர்காலம் அவரைப் பாதியாக்கிவிட்டது. இருமி இருமி நெஞ்சு கட்டி, பலகைச் சுவரில் இரவெல்லாம் வழிந்த ஈரத்தில் படுத்து, மார்ச் மாதம் பார்த்தபோது அவருடைய கன்னத்தில் எலும்புதான் இருந்தது. பக்கத்து நாட்டில் போர் தொடங்கிய நேரம் அது. விஷவாயு வரும் என்று பயந்து ஹாஸ்டல் ஜன்னல்களில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தோம். அவர் போனில் சொன்னார், "ஏளா, எனக்கு போரெல்லாம் ஒண்ணுமில்ல. அடுத்த குளிருக்கு நான் இங்க இருக்க மாட்டேன். ஊருக்குப் போறேன்."

அவர் போனால் திரும்ப வர மாட்டார். நானும் வேலையை விட்டுவிட்டுப் போக முடியாது. மறுபடி வருடத்துக்கு ஒரு லீவு, ஒரு மாதக் குடித்தனம். என் வயது ஏறிக்கொண்டிருந்தது, எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் அந்தக் கேபினைச் சூடாக வைப்பது எனக்கு அப்போது உலகத்திலேயே பெரிய காரியமாக இருந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மற்ற லாஞ்சுக்காரர்கள் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. பாதியாக வெட்டிய எண்ணெய் டின்னில் கரியைப் போட்டுக் கொளுத்தி, உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கள் லாஞ்சுக்கும் அண்ணன் ஒரு டின்னை வெட்டி வைத்திருந்தான். நான் அதை அவன் கண் முன்னாலேயே கடலில் எறிந்தேன். முந்தைய குளிரில் கேஷுவாலிட்டிக்கு இரண்டு டிரைவர்களைக் கொண்டுவந்தார்கள். பாலைவனக் கூடாரத்தில் கரி போட்டுக்கொண்டு தூங்கியவர்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தூங்குகிற முகம். ஒருவனுடைய சட்டைப் பையில் பாதி தின்ற சாக்லேட்கூட இருந்தது. கரியில் வரும் அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. புகை அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று மனிதன் நினைக்கிற நேரத்தில்தான் அது வேலையைக் காட்டும். இதையெல்லாம் நான் சொன்னபோது அண்ணன், "டின்னை எறிஞ்சியே, குளிரையும் எறி பாப்போம்" என்றான்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மண்ணெண்ணெய் ஹீட்டர்கள் குவிந்து கிடந்தன. திரி நன்றாக எரிந்தால் ஆபத்தில்லை என்று விற்பவன் சத்தியம் செய்தான். லாஞ்சு ஆடும்போது திரி நன்றாக எரியுமா என்று கேட்டேன். லாஞ்சா, என்று அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டான்.

விஷயம் எப்படியோ லாஞ்சின் சொந்தக்காரரான கஃபீல் காதுக்குப் போனது. நல்ல மனிதர், வயதானவர். தன்னுடைய பாலைவனக் கூடாரத்தில் இருந்த கேஸ் ஹீட்டரைச் சிலிண்டரோடு ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்து தானே இறக்கி வைத்தார். எனக்கு அழுகையே வந்தது, ஆனாலும் வேண்டாம் என்றேன். கேஸ் கசிந்தால் மேலே போகாது, இறங்கி லாஞ்சின் அடிவயிற்றில் தங்கும், அங்கேதான் என்ஜின் இருக்கிறது என்று என் கணவர் அரைகுறை அரபியில் கையைக் காட்டிக் காட்டி விளக்கினார். பெரியவர் என்னைப் பார்த்து, "இந்த டாக்டருக்கு எதுவுமே மாஃபி, எல்லாமே வேண்டாம்" என்று சிரித்துவிட்டு ஹீட்டரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். நர்ஸ் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நான் டாக்டர்தான்.

கரண்ட்டு ஹீட்டருக்கு, லாஞ்சுகளைக் கட்டும் ஜெட்டி மேடையிலிருந்து வயர் இழுக்க வேண்டும். தண்ணீர் ஏறி இறங்கும்போது லாஞ்சும் ஏறி இறங்கும், வயர் உப்புத் தண்ணீரில் கிடக்கும். அதுவும் முடியாது என்றேன். எல்லாவற்றுக்கும் முடியாது முடியாது என்று சொல்லி ஒரு கட்டத்தில் எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விட்டது.

வழி அவருக்குத்தான் தோன்றியது. என்ஜினைக் குளிர வைத்துவிட்டு வருகிற தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறதே, அந்தச் சூட்டை ஏன் வீணாக்க வேண்டும் என்றார். பழைய கார்களை உடைக்கும் இடத்துக்கு இரண்டு பேரும் போய், நொறுங்கிய ஒரு பெரிய அமெரிக்கக் காரிலிருந்து ஹீட்டர் ரேடியேட்டரைக் கழற்றி வந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வீட்டுக்கு வாங்கிய முதல் பொருள் அதுதான். அதைக் கேபின் சுவரில் பொருத்தி, என்ஜின் தண்ணீரை ஹோஸ் வழியாக அதற்குள் ஓடவிட்டு, முன்னால் சின்ன ஃபேன் ஒன்றை வைத்தார். கடலில் போகும்போது நெருப்பில்லாத சூடு வந்தது. துறைமுகத்தில் என்ஜின் ஓடாத நாட்களுக்கு நான் மருந்துக்கடையில் ரப்பர் வெந்நீர்ப் பைகள் வாங்கி, ஹாஸ்டலில் உட்கார்ந்து பழைய கம்பளியில் உறை தைத்தேன். வெளியே திறந்த தளத்தில் இருந்த அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பைகளில் ஊற்றி, காலுக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று. யாரோ வில்லாவிலிருந்து தூக்கிப் போட்ட கார்ப்பெட்டை வெட்டிச் சுவரெல்லாம் அடித்தோம்.

இவ்வளவுக்கும் மேலே நான் ஒரு சட்டமும் போட்டேன். என்ன குளிர் என்றாலும் ஜன்னல் ஒரு கை நுழையும் அளவு திறந்திருக்க வேண்டும். அவர் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, ஜன்னல் அதற்கு மேல் மூடாதபடி செருகி வைத்தார். வெள்ளிக்கிழமை நான் ஜெட்டியில் நடந்து வருவது தெரிந்ததும் அந்த இடைவெளியில் கையை மணிக்கட்டு வரை வெளியே நீட்டி, ஐந்து விரல்களையும் ஆட்டுவார். பார், திறந்துதான் இருக்கிறது என்று அர்த்தம். வரிசையாகக் கட்டிக்கிடந்த லாஞ்சுகளில் முகம் தெரியாமல் ஒரு கை மட்டும் ஆடும். காவலாளி முதல் தடவை பார்த்துத் திடுக்கிட்டு, பிறகு அவரும் என்னைப் பார்த்து விரல்களை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

அந்த நவம்பரும் டிசம்பரும் என் வாழ்க்கையின் நல்ல காலம். அவருக்கு இருமல் வரவில்லை. ஊருக்குப் போகிறேன் என்ற பேச்சு வரவில்லை. வெந்நீர்ப் பையை நடுவில் வைத்துக்கொண்டு ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, என்றாவது பிறக்கப் போகிற பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் சண்டை போடுவோம். அவருடைய கை எப்போதும் மீன் வாடை அடிக்கும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் மதியம் தூங்கிவிடுவேன். வேறென்ன வேண்டும்?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் காற்று நிற்கவே இல்லை. லாஞ்சுகள் எல்லாம் துறைமுகத்திலேயே கிடந்தன. எங்கள் கரைக்காரர்கள் சாயங்காலம் ஏதாவது ஒரு லாஞ்சில் கூடிச் செபமாலை சொல்வார்கள். அன்று எங்கள் லாஞ்சின் முறை. நான் டூட்டியில் இருந்தேன். நடந்ததை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாதா படத்துக்கு முன்னால் ஏற்றிய மெழுகுதிரி காற்றில் அணைந்து அணைந்து போனதால், செபம் முடிகிற வரைக்கும் என்று யாரோ மரக்கட்டையை எடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள். செபம் முடிந்ததும் சாம்பிராணி. எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பழக்கம். தொழில் மந்தமாகிவிட்டால் பெரிய இரும்புச் சட்டி நிறையக் கரி போட்டு, சாம்பிராணி தூவி, ஒவ்வொரு லாஞ்சாக ஏறி, வலை, என்ஜின், மீன்பெட்டி எல்லாவற்றுக்கும் புகை காட்டுவார்கள். அப்படியே எல்லா லாஞ்சுக்கும் காட்டிவிட்டுச் சட்டியை எங்கள் லாஞ்சுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கரி பாதிகூட எரிந்து முடியவில்லை. தளத்தில் வைத்தால் காற்றில் பொறி பறந்து நைலான் வலையில் விழும், டீசல் பீப்பாய் பக்கத்திலேயே இருக்கிறது. சாம்பிராணி நெருப்பில் தண்ணீர் ஊற்றுவதோ கடலில் கொட்டுவதோ எங்களிடம் கிடையாது, அது தானாக அணைய வேண்டும்.

"உள்ள வையுங்க மச்சான், நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிறேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். நெருப்பைத் தனியாக விட்டுப் போகக்கூடாது என்ற பொறுப்பு. மற்றவர்கள் எல்லாரும் பக்கத்து லாஞ்சுக்குச் சாப்பிடப் போனார்கள். சாத்திய ஜன்னல் சாத்தியபடியே இருக்க, அவர் கதவையும் சாத்திக்கொண்டு சட்டிக்குக் காவல் இருந்தார்.

குளிருக்குக் கரி போடக்கூடாது என்பது அந்தத் துறைமுகத்தில் எங்கள் லாஞ்சுக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் இது குளிருக்குப் போட்ட கரி இல்லையே, மாதாவுக்குப் போட்டது. அதை நெருப்பு என்று ஒருவர்கூட நினைக்கவில்லை. இதில் நான் யாரைத் திட்டுவது? ஆனாலும் திட்டினேன். அண்ணனைத் திட்டினேன், சாம்பிராணியைத் திட்டினேன், மாதாவையும் விடவில்லை.

அண்ணன் தட்டில் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்து கதவைத் திறந்திருக்கிறான். செபமாலையைக் கையில் பிடித்தபடி, கார்ப்பெட் சுவரில் சாய்ந்து தூங்குகிற மாதிரி இருந்தாராம். "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டு உலுக்கிய பிறகுதான் தட்டைப் போட்டுவிட்டு அவரைத் தளத்துக்கு இழுத்துப் போட்டான்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தவர் மறுநாள் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு முதலில் சொன்னது, "ஏசாத. குளிருக்கு இல்ல, மாதாவுக்கு." நான் யூனிஃபார்மோடு அந்த வார்டின் நடுவில் நின்று விம்மி விம்மி அழுதேன். பிழைத்துவிட்டார், அது போதும். சில நாளில் எழுந்து நடந்தார், சாப்பிட்டார், கேலி பேசினார். கஃபீல் ஒரு பெட்டி ஆப்பிளோடு வந்து பார்த்து, "டாக்டர், கலாஸ், முடிந்துவிட்டது" என்றார். நானும் முடிந்துவிட்டது என்றுதான் நம்பினேன். கிறிஸ்துமஸுக்கு நான் சுட்ட முறுக்கு கல்லாக இருந்தது என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜெட்டியில் நடந்துகொண்டிருந்தேன். ஜன்னலில் கை ஆடியது. எனக்கும் சிரிப்பு வந்து நானும் கையை ஆட்டினேன். இன்னும் கொஞ்சம் நடந்த பிறகுதான் கவனித்தேன், அது எங்கள் லாஞ்சு இல்லை. இரண்டு லாஞ்சு தள்ளி, பங்களாதேஷ்காரர்களின் லாஞ்சு. அவர்கள் வெளியே நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் பெரியவர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே என் கணவர் யாருடைய படுக்கையிலோ உட்கார்ந்து, ஜன்னல் வழியே கையை நீட்டியபடி இருந்தார். "நம்ம ஹீட்டர எவனோ கழட்டிட்டான்" என்றார்.

அதற்கப்புறம் வேகமாகப் போனது. வலை பின்னுகிற ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நடை சிறுத்தது. சட்டைப் பொத்தான் போட மறந்தது. டாக்டர் எனக்கு விளக்கினார். அந்த வாயு பட்டவர்களில் சிலர் நன்றாகத் தேறி, சில வாரம் கழித்து மறுபடி விழுவார்கள். சிலர் திரும்பி வருவார்கள், சிலர் பாதி வழி வருவார்கள். டாக்டர் சொல்லும்போது நான் நர்ஸ் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்த பிறகுதான் அது என் புருஷனைப் பற்றிய பேச்சு என்பது எனக்குள் இறங்கியது.

இரண்டு பேரும் ஒரே விமானத்தில் ஊருக்கு வந்தோம். எந்தக் குளிருக்குப் பயந்து அவர் போய்விடுவார் என்று நான் அவ்வளவு பாடுபட்டேனோ, அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நானே அவரைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டு வந்தேன். காவலாளி விடைகொடுக்கும்போது விரல்களை ஆட்டவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் பாதி வழி வந்தார். நடக்கிறார், தானே சாப்பிடுகிறார், செபம் முழுக்கத் தெரிகிறது. என் முகம்தான் அவருக்கு மறந்துபோய்விட்டது. நான் மட்டும் எப்படியோ அந்தப் பாதி வழிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டேன். இங்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணனும் குவைத்தை விட்டு வந்துவிட்டான்; கடலுக்குப் போகாத நாட்களில் வந்து அவருக்குத் துணையாக இருப்பான்.

ஒரு நாள் பகல் டூட்டி முடிந்து, யூனிஃபார்மோடு தெருவில் வந்துகொண்டிருந்தேன். சித்திரை வெயில், தார் இளகிக் கிடந்தது. எங்கள் வீட்டு முன்ஜன்னலில் கம்பிக்கு நடுவே ஒரு கை மணிக்கட்டு வரை வெளியே நீண்டு, ஐந்து விரல்களும் ஆடின. நான் பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடினேன். வந்துவிட்டார், எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று ஓடினேன்.

உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கதவு சாத்திவிடாதபடி ஒரு செருப்பை மடித்து இடுக்கில் செருகியிருந்தார். மூச்சு வாங்க நின்ற என்னை ஏறிட்டுப் பார்த்தார். என் முகத்தை, பிறகு என் வெள்ளை உடுப்பை. மரியாதையாக எழுந்து நின்றார்.

"அந்த ஜன்னல அடைக்காண்டாம் சிஸ்டர்" என்றார். "எனக்க வீட்டுக்காரி பாத்தா ஏசுவா. வெள்ளிக்கிழமை வருவா."

அடைக்க மாட்டேன் என்று சொன்னேன். அவர் திரும்ப உட்கார்ந்து, கையை வெளியே நீட்டிக்கொண்டார்.